கையில் இல்லாத வஞ்சிரம்

கல்மண்டபம் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே ஒரு மருந்துக் கடை. அதற்கு மேல் மாடியில் இப்போது கல்யாண ஜாக்கெட்டுக்கு ஆரி வேலை செய்து தருகிறார்கள். ஷேர் ஆட்டோவில் எத்தனை பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும், அந்த இடம் வரும்போது சிலுவையம்மாள் குனிந்து, கழுத்தை வளைத்து, மாடியை ஒரு பார்வை பார்த்துவிடுவாள். ஏ.சி. பெட்டி மாட்டியிருந்த இடத்தில் சுவர் சதுரமாக வெளுத்திருக்கும். ஜன்னல் கம்பியில் அவள் அங்கே போய்வந்த காலத்துப் பச்சைப் பெயின்ட்தான் இன்னும்.

“இன்னாமா, தெனிக்கும் அங்கயே பாக்குற? யார்னா சொந்தக்காரங்க கீறாங்களா?” என்று ஒரு தடவை ஆட்டோக்காரர் கேட்டார்.

“ஒரு காலத்துல நான் அங்க குந்திகினு பேங்கு ஷேர வித்துகினு இருந்தேம்பா.”

அவர் கண்ணாடி வழியே அவளையும் அவள் காலடியில் இருந்த காலிக் கூடையையும் பார்த்தார். “சும்மா கலாய்க்காதமா,” என்று சொல்லி கியரை மாற்றினார்.

சிலுவையம்மாளுக்கு இப்போது அறுபத்திரண்டு வயது. காசிமேட்டில் முப்பத்தைந்து வருடமாக மீன் ஏலம் விடுகிறாள். துறைமுகத்தில் அதே பெயரில் இன்னும் இரண்டு பேர் இருப்பதால் ஒருத்தி நெட்டைச் சிலுவை, ஒருத்தி ஐஸ்கடைச் சிலுவை, இவள் ஷேரு சிலுவை. இளவட்டங்களுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று தெரியாது. யாராவது கேட்டால் சொல்லுவாள். கேட்காவிட்டாலும் சில நாள் சொல்லுவாள்.

அந்த மாடிக்கு அவள் முதலில் போனது ஏ.சி.க்காகத்தான். 2006ஆம் வருடம், மீன்பிடித் தடைக்காலம். அப்போதெல்லாம் நாற்பத்தைந்து நாள் தடை. சித்திரை வெயில் முழுக்க விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும், ஏலக்காரர்களுக்கு வேலை இருக்காது. கணவர் பாஸ்கல் துறைமுகத்தில் வின்ச் ஆபரேட்டர், பகலில் வீட்டில் இருக்க மாட்டார். மகள் கிறிஸ்டினா ஸ்பெஷல் கிளாஸுக்குப் போய்விடுவாள். ராயபுரம் வீட்டில் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்தால் மூளை உருகும். அந்த மாடியில் பிரகாஷ் என்கிறவர் பங்குத் தரகு ஆபீஸ் வைத்திருந்தார். வண்ணாரப்பேட்டை ஜவுளிக் குடும்பத்துப் பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவளிடம் மீன் வாங்குகிறவர். “வாங்கக்கா, சும்மா வந்து உக்காருங்க, ஜில்லுனு இருக்கும்,” என்று ஒரு நாள் கூப்பிட்டார். போய் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அங்கே பத்துப் பன்னிரண்டு பேர், எல்லாம் ஆண்கள், சுவரில் மாட்டியிருந்த டிவியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பச்சையிலும் சிவப்பிலும் எண்கள் ஓடின.

ஐந்தாம் நாள் வாயைத் திறந்து கேட்டாள்.

“அல்லாரும் இன்னாதான் பண்றாங்க?”

“காலைல வாங்குவாங்க. வெல ஏறினதும் வித்துடுவாங்க. நடுவுல வர்றது லாபம்.”

“ஏறுமா? வெயில் ஏற ஏற வெல எங்கனா ஏறுமா? எறங்கத்தான செய்யும்?”

பெஞ்சு சிரித்தது. அவளுக்கு விளங்கவில்லை. பதினைந்து வருடமாக அவள் பார்த்த சந்தையில் விடியுமுன் வேன்காரர்கள் கொடுப்பதுதான் உச்ச விலை. சூரியன் தலை காட்டினால் ஓட்டல்காரர்கள் பேரம் பேசுவார்கள். எட்டு மணிக்கு மேல் வீட்டுக்காரர்கள். ஒன்பது மணிக்கு மிச்சம் கருவாட்டுக்குப் போகும். எந்தப் பொருளும் காலையில் இருந்த விலையை மதியம் காப்பாற்றி அவள் கண்டதில்லை.

“நைனா, அப்டினா மொதல்ல வித்துட்டு, அப்பால எறங்கினதும் வாங்கிக் குடுக்க முடியாதா?”

பிரகாஷ் கணினியிலிருந்து திரும்பி அவளைப் பார்த்தார். “முடியும்க்கா. அதுக்குப் பேரு ஷார்ட். ஆனா சாயங்காலம் மூன்றரைக்குள்ள வாங்கிடணும். ராத்திரி வெச்சிருக்கக் கூடாது.”

“ஐஸ் இல்லாத மீனு மாறி.”

“கைல இல்லாதத எப்டிமே விப்ப?” என்று பெஞ்சிலிருந்து ஒருவர் கேட்டார்.

“போட்டு கரைக்கு வர்றதுக்கு முன்னாடியே போன்ல வெல பேசி விக்கிறோம். அது மட்டும் கைல கீதா?” என்றாள் சிலுவையம்மாள். அந்த வாரமே பான் கார்டுக்கு எழுதிப் போட்டாள்.

தடைக்காலம் முடிந்தும் அவள் அங்கே போவதை விடவில்லை. விடியற்காலை ஏலம், எட்டு மணிக்கு வீடு, ஒரு குளியல், மார்க்கெட் திறக்கிற ஒன்பது ஐம்பத்தைந்துக்குப் பெஞ்சு. எவ்வளவு சோப்புப் போட்டாலும் வாசனை போகாது. பிரகாஷ் சாமி படத்துக்கு வழக்கமாக ஒரு ஊதுபத்தி கொளுத்துகிறவர், அவள் வந்த பிறகு மூன்று கொளுத்த ஆரம்பித்தார். ஆங்கிலப் பெயர்கள் அவள் வாயில் நுழையவில்லை. அதனால் ஒவ்வொரு பங்குக்கும் ஒரு மீன் பெயர் வைத்துக்கொண்டாள். பெரிய தனியார் வங்கி வஞ்சிரம். அரசாங்க வங்கி கானாங்கெளுத்தி. எங்கும் கிடைக்கும், எவரும் வாங்குவார்கள். வீட்டுக் கடன் கம்பெனி வவ்வால். தெருவுக்குத் தெரு கடன் கொடுக்கிற சின்னச் சின்ன கம்பெனிகள் எல்லாம் நெத்திலி. ஆறு மாதத்தில் பெஞ்சு முழுக்க அப்படியே பேசியது. பிரகாஷே போனில், “சார், வஞ்சிரம் என்ன ரேட்ல... சாரி சார்,” என்று உளறியிருக்கிறார்.

அவள் விற்றதெல்லாம் கடன் கொடுக்கிற கம்பெனிகளைத்தான். ஒரு நாளைக்கு ஐம்பது பங்கு, அதற்கு மேல் இல்லை. மருந்து, சிமென்ட் பக்கம் திரும்பவே மாட்டாள். “அதெல்லாம் எனக்குத் தெரியாது. கடன் தெரியும்,” என்பாள். காசிமேட்டில் படகுக்காரருக்கு டீசலுக்கும் ஐஸுக்கும் ஏலக்காரர் முன்பணம் கொடுப்பார். ஏலக்காரர் அதை வட்டிக்கு வாங்கியிருப்பார். வட்டிக்காரர் வேறு எங்கோ வாங்கியிருப்பார். ஒரு படகு நாலு நாள் கடலுக்குப் போகாவிட்டால் வரிசையாக எல்லார் வீட்டிலும் முகம் சுருங்கும். 2008இல் அமெரிக்காவில் வீட்டுக் கடன் வாங்கியவர்கள் கட்டவில்லை என்று டிவியில் சொன்னபோது பெஞ்சில் இருந்தவர்கள், அது எங்கேயோ நடக்கிற கதை என்றார்கள். சிலுவையம்மாள் மட்டும், “இனிமே எவனும் எவனுக்கும் குடுக்க மாட்டான் பாரு,” என்றாள்.

அந்த வருடம் எல்லாம் விழுந்தது. காலையில் ஏறுவதுபோலக் காட்டி, மதியத்துக்குள் சரிந்து, சாயங்காலம் கிடந்தது. அப்படியே மீன் சந்தை. பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக முகம் தொங்கிப்போக, அவள் மட்டும் தினம் முந்நூறு, நானூறு என்று எடுத்துக்கொண்டு இறங்குவாள். அவளுக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கும். சாவு வீட்டில் பூ விற்கிற மாதிரி.

அந்தப் பெஞ்சில் அவளை நேருக்கு நேர் திட்டுகிறவர் ஒரே ஒருவர்தான். பெயர் பீம்ராவ். விம்கோ நகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து, விருப்ப ஓய்வில் வெளியே வந்தவர். வியாசர்பாடியில் குடியிருப்பு வாரிய வீடு. ஓய்வில் வந்த பணத்தில் முந்நூற்று இருபது வஞ்சிரம் வாங்கி, மகள் சங்கமித்ராவின் பெயரையும் தன் பெயரோடு சேர்த்துப் போட்டு வைத்திருந்தார். விற்கிற எண்ணம் கிடையாது. தினமும் வந்து அது உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவார். ஆயிரத்து இருநூறில் இருந்தது எண்ணூறு ஆகி, அறுநூறு ஆகி, நானூறு ஆனது. அத்தனை படியிலும் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சிலுவையம்மாள் அதையேதான் விற்றுக்கொண்டிருந்தாள்.

“இந்தாமே, வெக்கமா இல்ல? ஒருத்தன் பொண்ணுக்குச் சேத்து வெச்சத எறக்கித்தான் நீ துன்னணுமா?”

“யோவ் ஃபிட்டரு, நான் ஒருத்தி அம்பது வித்தா உன் பேங்கு வுழுந்துடுமா? அப்டினா அது பேங்கா, அப்பளமா?”

“பேசு, பேசு. ஒரு நாளு ஏறும். அன்னிக்கு உன் மூஞ்சிய நான் பாக்கணும்.”

“ஏறட்டும்யா. வாணாம்னா சொல்றேன்? மூன்றர மணிக்கு மேல ஏறச் சொல்லு.”

பெஞ்சுக்கு இது தினசரி நாடகம். இருவரில் ஒருவர் வராத நாளில் பிரகாஷ் போன் போட்டு விசாரிப்பார்.

அந்த அக்டோபரில் ஒரு நாள், அந்த வங்கி போய்விடும் என்று வதந்தி கிளம்பியது. எம்.சி. ரோட்டில் ஏ.டி.எம். வாசலில் ஜவுளிக் கடைக்காரர்கள் வரிசை கட்டி நின்றார்கள். விலை முந்நூற்றைத் தொட்டது. பீம்ராவ் அன்றைக்குத் திட்டவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, “வித்துடட்டுமா சிலுவ?” என்று கேட்டார்.

அவள் அன்று காலையில் விற்றிருந்தாள். இன்னும் இறங்கினால் அவளுக்குத்தான் லாபம்.

“என்னக் கேக்காத நைனா. நான் சொல்றது சாயங்காலம் வரிக்கும்தான். நீ வெச்சிகினு கீறது உம்பொண்ணு கல்யாணம் வரிக்கும். என் கணக்கு உனக்கு ஒதவாது.”

அவர் வெகுநேரம் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கி, எம்.சி. ரோடு வரை நடந்து, அந்த ஏ.டி.எம். வரிசையில் நின்றிருந்தவர்களைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, விற்காமலே வீட்டுக்குப் போனார்.

அடுத்த மே மாதம் வந்தது. மறுபடி தடைக்காலம். அந்தத் தடைக்காலத்தில் சிலுவையம்மாளுக்கு ஒரு கவலை இருந்தது. ராசையா என்பவருடைய விசைப்படகுக்கு அவள்தான் பதினெட்டு வருடமாக ஏலம் விடுகிறாள். தடை முடிந்து படகு இறங்கும்போது முன்பணம் கொடுப்பவருக்குத்தான் அந்த வருடம் ஏல உரிமை. எப்போதும் ஒரு லட்சம் கொடுப்பாள். இந்தத் தடவை அப்சல் என்கிற இன்னொரு ஏலக்காரர் ஒன்றரை லட்சம் தருவதாகச் சொல்லியிருந்தார். ராசையா மரியாதையான மனிதர்; நேரில் வந்து சொன்னார். “எனக்கு உன்ன உட்டுட்டுப் போவ மனசு இல்ல சிலுவ. ஆனா இஞ்சின் வேல கீது. நீயும் அதே குடுத்தா உனக்குத்தான்.” மாதக் கடைசி வரை தவணை.

அவளிடம் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் இருந்தது. எல்லாம் பிரகாஷ் ஆபீஸ் கணக்கில். ராசையாவின் படகு போனால் அவளுக்கு மிஞ்சுவது இரண்டு ஃபைபர் படகு. வீட்டுக்குக் குழம்புக்கு ஆகும்.

தேர்தல் முடிவு ஒரு சனிக்கிழமை வந்தது. நிலையான ஆட்சி, திங்கட்கிழமை மார்க்கெட் பிய்த்துக்கொண்டு போகும் என்று எல்லா டிவியிலும் சொன்னார்கள். பெஞ்சில் காலை ஒன்பது மணிக்கே இடமில்லை. படகுக்காரர்கள் வேலையில்லாமல் சும்மா பார்க்க வந்து, படிக்கட்டு வரை நின்றார்கள். பீம்ராவ் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார்.

சிலுவையம்மாள் வேறு மாதிரி யோசித்தாள். ஈஸ்டர் ஞாயிறு என்றால் ஊரே மீன் வேண்டும் என்று வந்து நிற்கும். முதல் கூடை ஆகாயத்துக்குப் போகும். ஏழு மணிக்கு எல்லாருக்கும் வாங்கி ஆகியிருக்கும். அதன் பிறகு விலை பொத்தென்று விழும். கூட்டம் எவ்வளவோ, விழுகிற வேகமும் அவ்வளவு. இதுவும் அப்படித்தான் என்று அவளுக்குத் தோன்றியது. ஒரே நாளில் நாற்பதாயிரம் வந்துவிடும்.

“பிரகாசு, தொறந்த ஒடனே வஞ்சிரம் முந்நூறு வித்துடு.”

“முந்நூறாக்கா? இன்னிக்கு வேணாங்க்கா. கொஞ்சம் பாத்துட்டு...”

“பாத்துகினே இருந்தா மொதக் கூட போயிடும். போடு.”

பிரகாஷ் அடித்துத் தயாராக வைத்தார். ஒன்பது ஐம்பத்தைந்து. தட்டினார். அறுநூற்றுப் பத்தில் விற்றது. அவ்வளவுதான். பெஞ்சில் யாரோ “ஏய்!” என்றார். டிவியில் எண்கள் ஒரு குதி குதித்து நின்றன. ஏறாமல் இல்லை, ஏற அனுமதித்த எல்லையை அரை நிமிடத்தில் தொட்டு, மேலே போக இடமில்லாமல் சந்தையே பூட்டிக்கொண்டது. இரண்டு மணி நேரம் வியாபாரம் இல்லை என்று அறிவித்தார்கள்.

“வாங்கிடு, வாங்கிடு!” என்றாள்.

“எங்கக்கா வாங்கறது? கட தொறந்திருந்தாதான?”

பன்னிரண்டு மணிக்குத் திறந்தபோது பிரகாஷ் கீபோர்டில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தார். கண் இமைப்பதற்குள் மறுபடி ஏறிப் பூட்டிக்கொண்டது. இன்றைக்கு இதோடு முடிந்தது, நாளைதான் என்றார்கள். கடைசி விலை எழுநூறு. பெஞ்சில் ஒருவர் தோளை ஒருவர் தட்டினார்கள், ஒருவர் விசில் அடித்தார், படிக்கட்டில் நின்றவர்கள் எதற்கென்று தெரியாமலே கைதட்டினார்கள். பீம்ராவ் இரண்டு கையையும் தூக்கி நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றினார்.

அப்போதுதான் சிலுவையம்மாளுக்குப் புயல் நாட்கள் ஞாபகம் வந்தன. எந்தப் படகும் கடலுக்குப் போகாத நாளில் எவராவது தப்பித்தவறி ஒரு கூடை கொண்டுவந்தால், அந்த ஒரு கூடையின் விலைக்கு எல்லையே கிடையாது. கேட்பவர்கள் அத்தனை பேர், விற்பவர் ஒருவர். அப்படிப்பட்ட காலைகளில் அவளே எத்தனை ஏலம் விட்டிருக்கிறாள். இன்றைக்கு விற்க வந்த அந்த ஒருத்தி அவள்தான். அவளிடம் கூடையும் இல்லை.

கூட்டம் கலைந்த பிறகு பிரகாஷ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விளக்கினார். “வித்த முந்நூற புதன்கிழமை காலைல குடுத்தாகணும்க்கா. நாளைக்கு வாங்கினா வியாழக்கெழமதான் கைக்கு வரும். புதன்கிழமை குடுக்கலேனா ஸ்டாக் எக்ஸ்சேஞ்சுல அவங்களே ஏலத்துல வாங்கி, அந்த வெலய உங்க கணக்குல கழிப்பாங்க.”

“ஏலமா?” அவளுக்கு முதல் தடவையாக மூச்சு வந்தது. “எங்க உடுறாங்க? நான் போறேன். எத்தினி மணிக்கு?”

“பம்பாய்லக்கா. கம்ப்யூட்டர்ல. ஆள் போக முடியாது. எண்ணூறு, எண்ணூத்தம்பதுன்னு கூடப் போகும். உங்க பணம் முக்காவாசி காலி.”

அவள் இல்லாமல், அவளுடைய பொருளுக்கு, அவளால் வாய் திறக்க முடியாத ஓர் ஏலம். அதைவிட ராசையாவின் முகம் கண்ணில் நின்றது.

“ஒரே வழி இருக்கு,” என்றார் பிரகாஷ். “இதே ஷேர் வெச்சிருக்கறவங்க யாராவது ஒரு ஸ்லிப்புல கையெழுத்துப் போட்டு, அத உங்க கணக்குக்கு மாத்திக் குடுத்தா புதன்கிழமை குடுத்துடலாம். நாளைக்கு நீங்க வாங்கறது வியாழக்கெழம வந்ததும் அவங்களுக்குத் திருப்பிடலாம். நாலு நாள் கைமாத்து.”

“யாரு வெச்சிகினு கீறாங்க முந்நூறு?”

கேட்ட பிறகுதான் அவளுக்கே பதில் தெரிந்தது. பிரகாஷ் ஸ்லிப்பைக் கிழித்து மேஜை மேல் வைத்தார்.

வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷன் வரை ஆட்டோவில் போய், அங்கிருந்து கேட்டுக் கேட்டு நடந்தாள். மூன்றாவது மாடி. சாயங்கால வெயில் படிக்கட்டில் இருந்தது. சங்கமித்ரா கதவைத் திறந்தாள். கல்லூரி இரண்டாம் வருடம், கையில் புத்தகம். உள்ளே புத்தர் படத்துக்குக் கீழே பீம்ராவ் பனியனோடு உட்கார்ந்து, இனிப்புப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“அட! ஏலக்காரம்மா! வா வா. உன் மூஞ்சியப் பாக்கணும்னு நெனச்சிகினே இருந்தேன், நீயே எட்துகினு வந்துட்ட.”

“பாத்துக்கயா. நல்லாப் பாத்துக்க.”

அவள் சுற்றி வளைக்கவில்லை. உட்காருவதற்கு முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னாள்: முந்நூறு விற்றது, பூட்டிக்கொண்டது, புதன்கிழமை, ராசையாவின் படகு. மடியிலிருந்து ஸ்லிப்பை எடுத்து இனிப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

பீம்ராவின் சிரிப்பு மெதுவாக அடங்கியது.

“ஒன்றர வருசம்,” என்றார். “ஒன்றர வருசமா என் பக்கத்துலயே குந்திகினு, எம்பொருள அடிச்ச. இப்ப அதே பொருளக் கடனாக் கேக்குற. உனக்கு எம்மாந் தைரியம்மே?”

“தைரியம் இல்ல நைனா. வேற ஆள் இல்ல.”

“நான் குடுக்கலேனா?”

“படகு அப்சலுக்குப் போவும். நான் தலைல கூடயத் தூக்கிகினு விக்கப் போவேன். பெஞ்சுக்கு வர்றதுக்குத் துட்டு இருக்காது. உனக்குத் திட்ட ஆளு கெடைக்காது.”

“அது நல்லதுதான்,” என்றார். ஆனால் ஸ்லிப்பைத் திருப்பித் தரவில்லை. கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு அதைப் படித்தார். “இதுல சங்கமித்ராவும் போடணும். ரெண்டு பேரு பேருல கீது.”

சங்கமித்ரா இதுவரை சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். “அத்தே, திருப்பிக் குடுத்துடுவீங்களா?” என்று நேராகக் கேட்டாள்.

“வெள்ளிக்கெழம. நான் ஏலத்துல சொன்ன வெலய மாத்தினது இல்லம்மா. கேட்டுப் பாரு.”

“யாரக் கேக்கறது? எனக்குக் காசிமேட்ல யாரையும் தெரியாது,” என்று சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்தாள். “ஏம்ப்பா, அக்டோபர்ல நீ விக்காம வந்தியே, அன்னிக்கு இவங்கதான உன் கிட்ட...”

“நீ கம்முனு இரு,” என்றார் பீம்ராவ். பிறகு சிலுவையம்மாளிடம் திரும்பினார். “குடுக்குறேன். ஆனா ஒண்ணு. இனிமே நீ வஞ்சிரத்தத் தொடக் கூடாது.”

“யோவ், எனக்கு அதான்யா நல்லாத் தெரியும்.”

“வவ்வால வித்துக்க, நெத்திலிய வித்துக்க, எத்த வேணா வித்துக்க. எங்க வூட்ல அந்த ஷேரு கீற வரிக்கும் நீ அதுல கை வெக்கக் கூடாது. நான் செத்துட்டாலும் சரி. சங்கமித்ரா வெச்சிருப்பா. அது வரிக்கும்.”

“சரி.”

“சத்தியம் பண்ணு.”

“எந்தச் சாமி மேல பண்ண? உனக்கு எஞ்சாமி ஆவாது, எனக்கு உஞ்சாமி தெரியாது. வாயால சொல்லிட்டேன், அதான்.”

அவர் கையெழுத்துப் போட்டார். சங்கமித்ரா தன் கல்லூரிப் பேனாவால் போட்டாள். சிலுவையம்மாள் ஒரு இனிப்பை எடுத்துத் தின்றுவிட்டுப் படி இறங்கினாள். இரண்டாவது மாடி வந்தபோது மேலிருந்து, “வெள்ளிக்கெழம வரல, பாரு, உன் வூட்டாண்ட வந்து குந்திப்பேன்!” என்று குரல் கேட்டது.

செவ்வாய்க்கிழமை வஞ்சிரம் காலையில் ஏறி, மதியத்துக்கு மேல் கொஞ்சம் தணிந்தது. அறுநூற்று எண்பதில் வாங்கினாள். இருபத்தோராயிரம் போனது. வெள்ளிக்கிழமை காலையில் பிரகாஷ் ஆபீஸில், பெஞ்சு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, முந்நூறையும் திருப்பி எழுதிக் கொடுத்தாள். பீம்ராவ் மூன்று நாள் கழித்து ஸ்டேட்மென்ட் வாங்கி, எண்ணைச் சரிபார்த்த பிறகுதான் அவளிடம் பேசினார்.

ராசையாவிடம் எண்பத்தையாயிரத்தைக் கொண்டுபோய் வைத்தாள். ஏன் குறைந்தது என்பதையும் மறைக்காமல் சொன்னாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். கடைசியில் அப்சலையும் கூப்பிட்டு வைத்துப் பேசி, ஒரு நடை அவளுக்கு, ஒரு நடை அவருக்கு என்று முடிவானது. பதினெட்டு வருடம் முழுப் படகு, அதன் பிறகு பாதிப் படகு. பாதி அவளிடம் இன்றைக்கும் இருக்கிறது.

அதற்குப் பின் ஐந்து வருடம் அந்தப் பெஞ்சு இருந்தது. அவள் வவ்வாலையும் நெத்திலியையும் ஐம்பது ஐம்பதாக விற்றுக்கொண்டிருந்தாள். வஞ்சிரம் கண் முன்னால் ஏறி இறங்கி ஆசை காட்டும். “இன்னிக்கு மட்டும்யா, ஒரே ஒரு வாட்டி,” என்பாள். “மூச்!” என்பார் பீம்ராவ். வாங்குகிற பக்கமே அறியாதவள், வஞ்சிரம் ஏறினால் அவருக்காகச் சந்தோஷப்படவும் பழகிக்கொண்டாள். அதை அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை. பிறகு எல்லாரும் போனிலேயே வியாபாரம் செய்ய ஆரம்பித்தார்கள். பெஞ்சில் ஆள் குறைந்தது. ஒரு நாள் பிரகாஷ் ஏ.சி.யைக் கழற்றினார். கொரோனா இரண்டாம் அலையில் பீம்ராவ் போனார். சாவுக்குப் போகக்கூட விடவில்லை, போனில்தான் அழுதாள்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில், கூட்டத்துக்கு நடுவே, “அத்தே!” என்று ஒரு குரல். சங்கமித்ரா. எண்ணூரில் ஒரு கன்டெய்னர் கம்பெனியில் கணக்கு அதிகாரி. தலையில் லேசாக நரை. விம்கோ நகர் மெட்ரோ பக்கத்தில் சொந்த ஃபிளாட்.

“ஃபிளாட்டா! லோனு எம்மாம்மா?”

“கொஞ்சந்தான் அத்தே. அப்பா ஷேரு நடுவுல ஒண்ணு அஞ்சாப் பிரிஞ்சிது, அத வித்துட்டேன் இல்ல. அதுல பாதி வந்துடுச்சு.”

சிலுவையம்மாள் தராசைக் கீழே வைத்தாள். “வித்துட்டியா? எப்ப?”

“மூணு வருசம் ஆச்சே.”

“அடிப்பாவி! சொல்ல வாணாமா? மூணு வருசமா அந்தப் பக்கமே திரும்பாம கெடக்கேன் நானு!”

சங்கமித்ராவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், கையில் மீன் பையோடு, சுற்றி ஆட்கள் இடிக்க இடிக்க, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை சிலுவையம்மாள் கிறிஸ்டினாவின் போனை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். “வஞ்சிரம் பத்தே பத்து, வித்துடு,” என்றாள்.

“மூணு இருபதுக்குள்ள நீ வாங்கலேனா ஆப்பே வாங்கிடும்மா. பயம் இல்ல,” என்றாள் கிறிஸ்டினா.

“அதுவேவா? யார் கிட்டயும் கேக்க வாணாமா?”

“வேணாம்.”

ஆயிரத்து முந்நூற்றுப் பத்தில் விற்றது. பன்னிரண்டு மணிக்கு ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு. வாங்கினாள். நூற்றிருபது ரூபாய். போன் திரையில் ஒரு பச்சைக் குறி வந்து மறைந்தது. வீட்டில் ஃபேன் சத்தத்தைத் தவிர ஒன்றும் இல்லை. கிறிஸ்டினா சமையலறைக்குப் போய்விட்டாள். சிலுவையம்மாள் கொஞ்ச நேரம் அந்தப் போனைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சங்கமித்ராவுக்கு அடித்தாள்.

“இன்னிக்கு உங்கப்பன் பேங்க அடிச்சிட்டேன்.”

“எவ்ளோ?”

“நூத்தி இருவது.”

“வெக்கமா இல்ல உனக்கு? இந்த வயசுல ஒரு பேங்க எறக்கித்தான் துன்னணுமா?”

“அதான்! அப்டித்தான் கேப்பாரு. ஆனா இத்தோட நிறுத்த மாட்டாரு, இன்னும் நாலு வார்த்த வரும்.”

“எனக்கு இப்ப மீட்டிங் கீது அத்தே. மீதிய சாயங்காலம் திட்றேன்.”

“மூன்றரைக்கு மேல போடு,” என்றாள் சிலுவையம்மாள். “அதுக்குள்ள இன்னொரு பத்து விக்கலாமானு பாத்துகினு கீறேன்.”